ஆலயம் கட்டாத தாவீது

தியானப் பகுதி: 2 சாமுவேல் 7-ம் அதிகாரம், 1 நாளாகமம் 21, 22, 28, 29-ம் அதிகாரங்கள்



இந்த மாதம் தாழ்மையைக் குறித்து உங்களோடு பேசும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார். அதிலும் விசேஷமாக, சபையில் பொறுப்பில் இருக்கிறவர்களுடைய தாழ்மையைக் குறித்து. "இது பாஸ்டர்மாருக்கு உரிய செய்தி, எனக்கு இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதிருங்கள். ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற சகோதரி, பாடல் குழுவை நடத்துகிற தம்பி, காணிக்கை எண்ணுகிற மூப்பர், வீட்டிலே குடும்ப ஜெபம் நடத்துகிற தகப்பன் எல்லாருமே ஒருவிதத்தில் நடத்துகிறவர்கள்தான்.

தீத்து 1:7-ஐ எடுத்துப் பாருங்கள். சபைக் கண்காணி எப்படி இருக்கக் கூடாது என்று பவுல் ஒரு பட்டியல் கொடுக்கிறார். கோபக்காரனாக இருக்கக் கூடாது, குடிக்கிறவனாக இருக்கக் கூடாது, அடிக்கிறவனாக இருக்கக் கூடாது, பண ஆசை உள்ளவனாக இருக்கக் கூடாது. இவை எல்லாவற்றிற்கும் முன்னால் என்ன வருகிறது தெரியுமா? தன் இஷ்டப்படி நடக்கிறவனாக இருக்கக் கூடாது என்பதுதான்! ஒரு பாஸ்டர் குடிக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த ஞாயிறே சபையில் கேள்வி வந்துவிடும். ஆனால் தன் இஷ்டப்படி நடக்கிற பாஸ்டரை நாம் என்ன சொல்லுகிறோம்? "விசுவாச வீரர்", "வைராக்கியமானவர்" என்கிறோம். சுயசித்தம் சபைக்குள் வரும்போது அழுக்கு உடை உடுத்திக்கொண்டு வருவதில்லை. வெள்ளை உடுத்தி, வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

1. நல்ல ஆசையும் சுயசித்தமாகலாம்

தாவீதின் காரியத்தைப் பாருங்கள். கர்த்தர் அவனுக்கு நாலாபக்கத்துச் சத்துருக்களிலிருந்தும் இளைப்பாறுதல் கொடுத்தார். அவன் கேதுருமர வீட்டிலே உட்கார்ந்திருக்கிறான். ஒரு நாள் யோசிக்கிறான்: நான் இப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறேனே, தேவனுடைய பெட்டியோ திரைகளின் நடுவில் இருக்கிறதே! அவனுக்கு ஆலயம் கட்ட ஆசை வந்தது.

இந்த ஆசையில் என்ன தப்பு? பத்சேபாளைப் பார்த்ததுபோல் இல்லையே. பிறனுடைய நிலத்தை இச்சிக்கவில்லையே. கர்த்தருக்கு ஒரு ஆலயம் கட்டவேண்டும் என்றுதானே நினைத்தான்! பிற்காலத்தில் சாலொமோன் சொல்லும்போது, அந்த விருப்பம் தாவீதின் மனதில் இருந்தது நல்ல காரியம்தான் என்று கர்த்தரே சொன்னதாகச் சாட்சி கொடுக்கிறான் (1 இராஜாக்கள் 8:18). ஆசை நல்லது. ஆனாலும் பதில், "நீ அல்ல" என்பதே. கட்டவேண்டியவன் உன் குமாரன் என்றார் கர்த்தர்.

கெட்ட ஆசையை விடச் சொன்னால் நமக்குப் புரிகிறது. அழுது விட்டுவிடுகிறோம். நல்ல ஆசையைக் கர்த்தர் விடச் சொல்லும்போதுதான் உள்ளே இருக்கிறவன் யார் என்று தெரியவருகிறது. "ஆண்டவரே, உமக்காகத்தானே கேட்கிறேன்!" என்று கர்த்தரோடேயே வழக்காடுகிறோம். உமக்காக என்கிற வார்த்தைக்குப் பின்னால் "என் கையால்" என்கிற ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த "என் கையால்" என்பதுதான் சுயசித்தம்.

2. நாத்தானுடைய தாழ்மை

இந்தச் சம்பவத்தில் நாம் அதிகமாய்க் கவனிக்காமல் போகிற ஒரு மனுஷன் உண்டு. அவன் நாத்தான் தீர்க்கதரிசி. தாவீது தன் ஆசையைச் சொன்னவுடனே நாத்தான் என்ன சொன்னான்? உம்முடைய இருதயத்தில் இருக்கிறதையெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டான் (2 சாமுவேல் 7:3). ஜெபித்துச் சொன்னானா? இல்லை. ராஜா நல்லவன், காரியம் நல்லது, வாயில் "ஆமென்" வந்துவிட்டது.

அன்று ராத்திரியிலேயே கர்த்தர் நாத்தானோடு பேசினார். நான் எப்போதாவது எனக்குக் கேதுருமர ஆலயம் கட்டுங்கள் என்று கேட்டேனா என்று விசாரித்தார். நீ போய்த் தாவீதுக்குச் சொல் என்றார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நேற்று "கர்த்தர் உம்மோடு இருக்கிறார், செய்யும்" என்று சொன்ன அதே தீர்க்கதரிசி, இன்றைக்கு அதே அரண்மனைக்குப் போய், "ராஜாவே, நேற்று நான் சொன்னது சரியல்ல" என்கிற நிலையில் நிற்கவேண்டும். என் பெயர் என்ன ஆகும்? இனிமேல் என் தீர்க்கதரிசனத்தை யார் நம்புவார்கள்? நாத்தான் இதையெல்லாம் பார்க்கவில்லை. போனான். கேட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னான்.

பெந்தெகொஸ்தே சபையாராகிய நமக்கு இது எவ்வளவு பெரிய பாடம்! "கர்த்தர் சொன்னார்" என்று சொல்ல நமக்கு நாவு துரிதமாய் இருக்கிறது. "கர்த்தர் சொன்னார் என்று நான் சொன்னது தப்பு" என்று சொல்ல அந்த நாவு அசைவதே இல்லை.

3. தாவீது என்ன செய்தான்?

"நீ அல்ல" என்கிற வார்த்தை வந்தபோது தாவீது முறுக்கிக்கொள்ளவில்லை. "சரி, யார் கட்டுறாங்களோ அவங்களே பார்த்துக்கட்டும்" என்று ஒதுங்கவும் இல்லை. அவன் செய்த மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கர்த்தருடைய சமுகத்தில் போய் உட்கார்ந்தான் (2 சாமுவேல் 7:18). நான் எம்மாத்திரம், என் வீடு எம்மாத்திரம் என்று ஜெபித்தான். கர்த்தர் மறுத்ததைப் பற்றி ஒரு முறுமுறுப்பும் அந்த ஜெபத்தில் இல்லை. தனக்குக் கிடைத்த வாக்குத்தத்தத்திற்காக ஸ்தோத்திரம் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது, வேறொருவன் கட்டப்போகிற ஆலயத்திற்குத் தானே பொருள் சேர்த்தான். 1 நாளாகமம் 22:14-ன்படி, லட்சம் தாலந்து பொன்னும் பத்து லட்சம் தாலந்து வெள்ளியும். வெண்கலமும் இரும்பும் நிறுத்துப் பார்க்க முடியாத அளவு. சீதோனியரும் தீரியரும் கேதுருமரங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். இதற்கு மேலாகத் தன் சொந்தப் பொக்கிஷத்திலிருந்து ஓப்பீரின் பொன்னில் மூவாயிரம் தாலந்தும், சுத்த வெள்ளியில் ஏழாயிரம் தாலந்தும் கொடுத்தான் (1 நாளாகமம் 29:4). மண்டபம், அறைகள், பொக்கிஷசாலைகள் எல்லாவற்றின் மாதிரியையும் சாலொமோன் கையில் கொடுத்தான். சாலொமோன் ராஜாவான நான்காம் வருஷத்தில்தான் வேலை ஆரம்பமானது. முடிய ஏழு வருஷம் ஆயிற்று. அதற்குள் தாவீது நித்திரையடைந்துவிட்டான். ஒரு கல் வைக்கப்பட்டதைக்கூட அவன் கண் காணவில்லை. இன்றைக்கும் அதை நாம் சாலொமோனின் ஆலயம் என்றுதான் சொல்லுகிறோம்.

மூன்றாவது, தலைவர்கள் எல்லாரும் கூடியிருந்த சபையிலே எழுந்து நின்று, நான் கட்ட நினைத்தேன், தேவன் என்னைக் கட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று தன் வாயாலேயே சொன்னான். காரணத்தையும் மறைக்கவில்லை: நான் யுத்தமனுஷன், ரத்தத்தைச் சிந்தினவன் (1 நாளாகமம் 28:2, 3). எத்தனை தலைவர்கள் இப்படிச் சொல்லுவார்கள்? நாமாயிருந்தால், "வயசாகிவிட்டது, அதனால் பையனிடம் ஒப்படைக்கிறேன்" என்று மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளுவோம்.

அருமையானவர்களே, ஒப்புக்கொடுத்தல் என்றால் வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்காருவது அல்ல. வேறொருவன் பெயரில் நிற்கப்போகிற கட்டடத்திற்கு நாம் மரம் சுமப்பதே ஒப்புக்கொடுத்தல்.

4. என்னுடைய சாட்சி

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா முடித்தபோது தாழ்மையைக் குறித்த தேர்வில் நல்ல மார்க்தான் வாங்கினேன். பாடம் படித்தது அதற்குப் பிறகுதான்.

நான் முழுநேர ஊழியன் அல்ல. நூல் மில்லில் ஃபிட்டராக வேலை செய்துகொண்டே ஊழியம் செய்கிறவன். 2014-ல் என் பொறுப்பில் இருந்த சபையில் ஏறக்குறைய அறுபது பேர் கூடிவந்தோம். ஓட்டை விழுந்த தகரக் கொட்டகை. மழை பெய்தால் பிரசங்கமே காதில் விழாது. கான்கிரீட் போட்ட ஆலயம் கட்டவேண்டும் என்று எனக்கு ஒரே தாகம். ஒரு உபவாச நாளில் "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார், இந்த வருஷத்துக்குள்ளே கட்டி முடிப்போம்" என்று பிரசங்க பீடத்தில் நின்று அறிவித்துவிட்டேன்.

எங்கள் மூப்பர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார், ஆராதனை முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டார். "பாஸ்டர், கொஞ்சம் பொறுங்க. மழை இல்லை, ஜனங்க கையில காசு இல்லை. கடன் வாங்கிக் கட்டவேண்டாமே" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயா, உங்க கண்ணு சூழ்நிலையைப் பார்க்குது, என் கண்ணு கர்த்தரைப் பார்க்குது" என்றேன். அதோடு விட்டேனா? அடுத்த ஞாயிறு கானானை வேவு பார்த்துவிட்டு வந்து துர்ச்செய்தி பரப்பின பத்துப் பேரைக் குறித்துப் பிரசங்கம் பண்ணினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொல்லுகிறேன் என்று சபைக்கே தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

பிறகு பொருத்தனை எடுத்தோம். யார் எவ்வளவு என்று நான் சத்தமாய் வாசித்தேன். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற ஒரு விதவைத் தாயார் பத்தாயிரம் எழுதியிருந்தார்கள். "பாருங்க, இந்த அம்மாவின் விசுவாசத்தை!" என்று எல்லாருக்கும் முன்பாகச் சொன்னேன். சபை கைதட்டியது. அஸ்திபாரக் கல்லுக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று. கல் வெட்டுகிறவரிடம் இரண்டு தடவை நேரில் போய், என் பெயர் எழுத்து எவ்வளவு பெரிசு என்று பார்த்துவிட்டு வந்தேன். சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லுகிறேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் காபி கேட்டேன். என் மனைவி, "பால் இல்லீங்க" என்றாள்.

"ஏன், அந்த அம்மா வரலையா?"

"மூணு நாளா வரல. மாட்டை வித்துட்டாங்களாம். உங்க பொருத்தனைப் பணத்தைக் கட்டணுமே. பேரை வேற வாசிச்சுட்டீங்க."

கர்த்தருடைய பொருத்தனை என்று அவள் சொல்லவில்லை. உங்க பொருத்தனை என்றாள். அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சைக் குத்திவிட்டது.

அன்று எனக்கு நைட் ஷிப்ட். டீ குடிக்கிற நேரத்தில் 1 நாளாகமம் 28-ஐ வாசித்தேன். தாவீது எழுந்து நின்று, "நான் கட்ட நினைத்தேன், தேவன் வேண்டாமென்றார்" என்று சொன்ன இடத்துக்கு வந்தபோது என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. கர்த்தர் என்னிடத்தில் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் பேசவே இல்லை, பேசினது என் ஆசைதான் என்று ஆவியானவர் உணர்த்தினார்.

ஷிப்ட் முடிந்ததும் நேரே வாத்தியார் ஐயா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். "ஐயா, நான் உங்களை வேவுகாரன்னு பிரசங்கம் பண்ணினேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வலிச்சது பாஸ்டர். இல்லைன்னு சொன்னா பொய். ஆனா உங்களுக்காக ஜெபிக்கிறதை நிறுத்தல" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாக, "கர்த்தர் சொன்னார் என்று நான் சொன்னது என் சொந்த ஆசை" என்று அறிக்கையிட்டேன். கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "இவர் வெளிப்பாட்டை எப்படி நம்புறது?" என்று இரண்டு குடும்பங்கள் சபையை விட்டே போய்விட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தத் தாயார் திரும்பவும் ஒரு மாடு வாங்கினார்கள். ஆனால் விற்ற மாடு கொடுத்த பாலை இது கொடுக்கவில்லை. தேவன் என்னை மன்னித்தார், அவர்களும் மன்னித்தார்கள். ஆனாலும் என் சுயசித்தத்திற்கு அந்த ஏழை வீடு கொடுத்த விலையை நான் இன்றும் மறக்கவில்லை. தலைவன் தன் இஷ்டத்துக்கு நடந்தால் அந்தச் செலவு எளியவன் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

பின்பு சபை என்னை வேறொரு கிராமத்து ஊழியத்துக்கு அனுப்பியது. ஒரு வாலிபத் தம்பி அங்கே பொறுப்பேற்றார். கடன் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாய், 2019-ல் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். பிரதிஷ்டைக்குப் போய்ப் பின்னால் பாயில் உட்கார்ந்தேன். அப்போதுகூட என் கண் சுவரில் கல்லைத் தேடியது! கல் இருந்தது. அதில் வருஷமும், எபெனேசர் என்ற வார்த்தையும் மட்டும் இருந்தது. மனுஷன் பெயர் ஒன்றும் இல்லை. எனக்காக வெட்டின கல் எங்கள் வீட்டுக் குழாயடியில் கிடக்கிறது. எழுத்து கீழ்ப்பக்கமாய் இருக்க, மேலே துணி துவைக்கிறோம்.

5. சுயம் மறுபடியும் தலைதூக்கும்

"ஒருதரம் ஒப்புக்கொடுத்துவிட்டேன், என் சுயம் செத்துவிட்டது" என்று சிலர் சாட்சி சொல்லுகிறார்கள். ஜாக்கிரதை! ஆலய விஷயத்தில் இவ்வளவு அழகாய்த் தாழ்த்தின அதே தாவீது, பின்பு ஜனங்களை எண்ணச் சொன்னான் (1 நாளாகமம் 21). யோவாப் தடுத்தான். யோவாப் ஒன்றும் பரிசுத்தவான் அல்ல. ஆனால் அந்த நாளில் அவன் சொன்னது சரி. ராஜாவோ கேட்கவில்லை, ராஜாவின் வார்த்தையே மேலிட்டது. கொள்ளைநோயில் எழுபதினாயிரம் பேர் விழுந்தார்கள். இங்கேயும் பாருங்கள், எண்ணச் சொன்னவன் ஒருவன், விழுந்தது ஜனங்கள்.

அப்போது தாவீது முகங்குப்புற விழுந்தான். பாவஞ்செய்தவன் நான்தானே, இந்த ஆடுகள் என்ன செய்தது என்று கதறினான். எபூசியனாகிய ஒர்னானின் களத்தை, இலவசமாய்க் கொடுக்கிறேன் என்று அவன் சொல்லியும், அறுநூறு சேக்கல் பொன் கொடுத்து வாங்கி, அங்கே பலிபீடம் கட்டினான். ஆலயம் பின்பு எந்த இடத்தில் எழும்பியது? 2 நாளாகமம் 3:1-ஐ வாசியுங்கள். அதே ஒர்னானின் களத்தில்தான்!

அல்லேலூயா! தாவீது ஜெயித்த யுத்தகளத்தில் ஆலயம் வரவில்லை. அவன் "நானே குற்றவாளி" என்று விழுந்த இடத்தில் வந்தது. தலைவர்கள் மனந்திரும்பி விழுகிற இடத்தில்தான் எழுப்புதல் ஆரம்பமாகும்.

6. சபையாருக்கு ஒரு வார்த்தை

தாழ்மை என்கிற இந்தப் போதனையைத் தலைவர்கள் தப்பாய்ப் பயன்படுத்துவதும் உண்டு. "நீங்கள் உங்கள் சித்தத்தை ஒப்புக்கொடுங்கள்" என்று சொல்லி, விசுவாசிகளைத் தங்கள் சித்தத்துக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். நாம் ஒப்புக்கொடுக்கவேண்டியது தேவ சித்தத்துக்கு. மூப்பர்கள் மந்தையை இறுமாப்பாய் ஆளக் கூடாது, மாதிரியாய் இருக்கவேண்டும் என்றுதான் பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 5:3). உங்கள் போதகரைக் கனம்பண்ணுங்கள், அவருக்காக ஜெபியுங்கள். அதோடு, வாத்தியார் ஐயாவைப்போலத் தனியே கூப்பிட்டு அன்பாய்ச் சொல்லவும் தைரியமாயிருங்கள். ஒரு தலைவரைச் சுற்றி "ஆமென்" போடுகிறவர்கள் மட்டுமே இருந்தால் அவர் சீக்கிரம் விழுந்துபோவார்.

நம்முடைய ஆண்டவரைப் பாருங்கள். கெத்செமனேயில் மூன்று தரம் அதே ஜெபத்தைப் பண்ணினார் (மத்தேயு 26:44). பாவமே அறியாதவர், தமக்குச் சித்தமானபடி அல்ல, பிதாவின் சித்தத்தின்படியே ஆகவேண்டும் என்று கேட்டார். அவருக்கே மூன்று தரம் ஜெபிக்கவேண்டியதாயிருந்தால், எனக்கும் உங்களுக்கும் எத்தனை தரம் வேண்டியிருக்கும்! தினமும் வேண்டும், பிரியமானவர்களே.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்:

- நான் ஆரம்பித்த ஊழியத்தை வேறொருவர் என்னைவிட நன்றாய்ச் செய்தால் மனதார ஸ்தோத்திரம் சொல்லுவேனா?
- என்னை மறுத்துப் பேசினவரை நான் கடைசியாக எப்படி நடத்தினேன்?
- "கர்த்தர் சொன்னார்" என்று நான் சொன்னதில், என் ஆசை சொன்னது எவ்வளவு?
- என் தீர்மானத்தின் பாரத்தை இப்போது யார் வீட்டில் சுமக்கிறார்கள்?

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, என் கையால்தான் ஆகவேண்டும் என்கிற பிடிவாதத்தை உமது பாதத்தில் வைக்கிறேன். நீர் "நீ அல்ல" என்று சொல்லும்போது முறுமுறுக்காமல் மரம் சுமக்க எனக்குக் கிருபை தாரும். என்னால் காயப்பட்டவர்களிடத்தில் போய் மன்னிப்புக் கேட்கப் பெலன் தாரும். எங்கள் சபையில் மனுஷன் பெயர் மறைந்து, உம்முடைய நாமம் ஒன்றே விளங்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்.

இந்த வாரமே நீங்கள் போய்ப் பார்க்கவேண்டிய வீடு ஒன்று உண்டென்று ஆவியானவர் உணர்த்தினால், தாமதிக்காமல் போங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்